ஜவுளிக்கடை மர்மக் கதை: தடயம் பில்லில் இருக்கட்டும்

நீங்கள் எழுதிய மர்மக் கதையில், கோடை விடுமுறையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் 16 வயதுப் பெண், இரவு பத்து மணிக்குத் தற்செயலாக சிசிடிவி பார்த்துக் கல்லாத் திருடனைக் கண்டுபிடிக்கிறாள். கதையைப் படித்தவர்கள் இதை நம்பவில்லை என்கிறீர்கள்.

முதலில் நேரமே இடிக்கிறது. 14 வயது முடிந்து 18 ஆகாதவர்களை இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கச் சட்டம் விடாது. கடை மீறுகிறது என்றால் அதுவும் நல்லதே: முதலாளி போலீசுக்குப் போகத் தயங்கக் காரணம் கிடைத்துவிடும்.

தடயத்தைப் பகலுக்கு நகர்த்துங்கள். அவளைத் துணி மாற்றித் தரும் கவுண்டரில் உட்காரவையுங்கள். காசாளர் ரொக்கம் வாங்கி, பில் கொடுத்து, ஆள் போனதும் அந்த பில்லை கேன்சல் செய்கிறார். இரவு கல்லாக் கணக்கு சரியாக வரும், பணம் அவர் பையில். (கார்டு, ஜிபேயில் இது நடக்காது, பணம் நேரே கடைக் கணக்குக்குப் போய்விடும்.) இரண்டு நாள் கழித்து அளவு மாற்ற வரும் சுடிதாரின் பில் எண்ணைத் தட்டினால் ‘ரத்து’ என்று காட்டுகிறது. கணினியில் அந்தத் துணி இன்னும் ஸ்டாக்கில் இருக்கும், அலமாரியில் இருக்காது. ஒரு பில் என்றால் கைத்தவறு எனலாம். அதே காசாளரிடமிருந்து மூன்றாவது வரும்போது அவள் சந்தேகப்படட்டும்.

கேன்சலுக்கு மேற்பார்வையாளரின் பாஸ்வேர்டு தேவை என்று வையுங்கள், பழி முதலில் அவர்மேல் விழும். அந்த பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும் என்பதை முன்பே போகிறபோக்கில் சொல்லிவிட்டால், காசாளர்தான் திருடன் என்று தெரியும்போது வாசகர் நம்புவார்.

இன்னொன்று, பில் தெர்மல் தாள், அதாவது சூடு பட்டால் கறுக்கும் தாள். மே வெயிலில் கார் டாஷ்போர்டில் கிடந்தால் கறுத்து எண் தெரியாமல் போகலாம். ஒரு தடயத்தை இப்படி அழிக்கலாம், இரண்டாவதை அழித்தால் வாசகர் கோபப்படுவார்.