பீகான் சீசனுக்கு அந்தப் பண்ணைக்குப் போலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல அமெரிக்கஸ் ஊரு காலேஜுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னு எழுதியிருந்த, ஊருக்கு வெளிய கொய்னோனியான்னு ஒரு கிறிஸ்தவப் பண்ணை இருக்கு, நவம்பர்ல பீகான் (வால்நட் மாதிரி ஒரு கொட்டை) அறுவடைக்குப் போய் தங்கி வேலை செய்யலாமா, காசு வருமா, மதம் மாத்தப் பாப்பாங்களான்னு கேட்டிருந்த. நான் ஜார்ஜியாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, அந்தப் பண்ணைக்கு நாலஞ்சு சீசன் போயிருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

முதல்ல விசா. நீ எஃப்-1ல, அதான் மாணவர் விசாவுல இருக்க, அதனால காசுன்னு நினைச்சு போகாத. காசு வாங்கலன்னாலும், வேலைக்குப் பதிலா தங்க இடமும் சாப்பாடும் குடுத்தா அதையே கூலின்னு எடுத்துக்கிடலாம். சேவை தானேன்னு நீயா முடிவு பண்ணாம காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் விசாவைப் பாக்குற அதிகாரி, உன் டிஎஸ்ஓகிட்ட கேட்டு பதிலை ஈமெயில்ல வாங்கி வச்சுக்கோ. நான் படிக்கும்போது ஒரு இடத்துல "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி (பண்ணை இல்ல, வேற இடம்) ஆறு மாசம் தூக்கம் இல்லாம கிடந்தேன். சரி, அது பழைய கதை.

மதம் மாத்துறதுன்னு பயப்படாத. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் இருக்கும், நீ சும்மா நின்னா போதும். நான் சாயர்புரம் பக்கத்துக்காரன், சிஎஸ்ஐ சபையில வளந்தவன், எனக்கே அவங்க ஜெபம் ரொம்ப சின்னதா தெரிஞ்சுது, நம்ம ஊர்ல ஐயர் (சபைப் பாதிரியார்) ஜெபத்தை முடிக்கதுக்குள்ள சோறு ஆறிரும்லா.

அந்த இடத்தோட கதை தெரிஞ்சுக்கிட்டு போ. 1942ல கிளாரன்ஸ் ஜோர்டன் (அந்தப் பக்கத்துல ஜெர்டன்னு சொல்லுவாங்க), மார்ட்டின் இங்கிலண்டுன்னு ரெண்டு பேரோட குடும்பம் சேந்து ஆரம்பிச்சது. ஜோர்டன் விவசாயம் படிச்சவரு, கிரேக்கத்துல புதிய ஏற்பாட்டை ஆராய்ச்சி பண்ணுனவரு, மார்ட்டின் பர்மாவுல மிஷனரியா இருந்தவரு. கொய்னோனியான்னா கிரேக்கத்துல ஐக்கியம்னு அர்த்தம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில சாப்பிட்டது, ஒரே கூலி வாங்குனது, இதுதான் அவங்க பண்ணுன குத்தம். 1956லருந்து ஊரே அவங்களை ஒதுக்கி வச்சுது, உரம் விக்க மாட்டான், முட்டை வாங்க மாட்டான், ரோட்டோரம் போட்டிருந்த கடைக்கு குண்டு வச்சாங்க, வீட்டைப் பாத்து சுட்டாங்க. உள்ளூர்ல விக்க முடியலன்னதும் பீகானை தபால்ல வெளியூருக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க, "ஜார்ஜியாவுலருந்து நட்ஸை வெளிய அனுப்ப உதவுங்க"ன்னு விளம்பரம். நட்ஸ்னா கிறுக்கனுங்கன்னும் அர்த்தம் உண்டு, எவ்வளவு கொழுப்பு பாரு. ஏழைகளுக்கு வீடு கட்டிக் குடுக்குற ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டியும் இங்க இருந்து முளைச்சதுதான், அது 1976ல.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊர் அசனம், சபையில எல்லாரும் சேந்து சாப்பிடுற விருந்துதான் ஞாபகம் வந்துச்சு. நம்மளும் ஒரே பந்தியில ஒக்காந்து சாப்பிடுதோம்னு பெருமை பேசுவோம், சபைத் தேர்தல் வந்துட்டா எவன் எந்த சாதின்னு தெரிஞ்சு போகும். சரி விடு.

இப்ப வேலை. பீகான் பறிக்கிறது இல்ல, உலுக்குறது. நம்ம ஊர்ல புளியமரத்துல ஏறி கிளையை உலுக்குவாங்கல்ல, இங்க ஒரு மெஷின் அடிமரத்தைக் கவ்விப் பிடிச்சு சில வினாடி ஒரு ஆட்டு ஆட்டும், மரம் முழுக்க நடுங்கி கொட்டை பொலபொலன்னு கொட்டும், முதல் தடவை பாக்கும்போது மரம் வேரோட வந்துரும்னு பயந்துட்டேன். அப்புறம் கூட்டிச் சேத்து, அள்ளி, சுத்தம் பண்ணி, உடைச்சு, ஓடு பிரிச்சு வரும். மெஷின் வேலையை உங்கிட்ட குடுக்க மாட்டாங்க, புதுசா போறவனுக்கு பொறுக்குற வேலை, இல்ல டப்பா கட்டுற வேலைதான், ஏன்னா நவம்பர், டிசம்பர்தான் கிறிஸ்மஸ் ஆர்டர் குவியுற நேரம். பருப்புக்கு நடுவுல செம்பழுப்பா ஒரு சவ்வு இருக்கும், வாழைப்பூவை பச்சையா கடிச்ச மாதிரி துவர்ப்பு, அதை விடாம பொறுக்கணும். அரிசியில கல் பொறுக்குற அம்மாவை நினைச்சுக்கோ, அது ஒரு படி, இது மூட்டை மூட்டையா. ரெண்டு மணி நேரத்துல கண்ணு சொக்கும், கழுத்து பிடிச்சுக்கும், பேச்சு மட்டும் நிக்காது, என் இங்கிலீஷ் தெளிஞ்சது கிளாஸ்ல இல்ல அந்த மேசையிலதான்.

எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது, மாமரம் மாதிரிதான், ஒரு வருஷம் கொட்டினா மறுவருஷம் இளைப்பாறும். 2018 அக்டோபர்ல மைக்கேல் புயல் அறுவடைக்கு முன்னாடி தென்மேற்கு ஜார்ஜியாவுல அடிச்சு தோப்பு தோப்பா சாச்சுருச்சு, புதுக் கன்னு வச்சு ஒழுங்கா காய்க்க ஏழெட்டு வருஷமாவது ஆகும். அதனால அங்க யாராவது மரத்தைப் பாத்துட்டு பேசாம நின்னா நீயும் சும்மா நில்லு.

கூட்டு வாழ்க்கைன்னா பாட்டு, ஜெபம், கேம்ப்ஃபயர்னு நினைக்காத. சாப்பிட்ட பிறகு பாத்திரம் யாரு கழுவுறதுன்னு வரும்போதுதான் ஐக்கியம் தெரியும். நீயா எந்திரிச்சு சிங்க்குகிட்ட போயிரு, மறுநாள்லருந்து உன் பேரை எல்லாரும் சரியா சொல்லுவாங்க.

முழுக்கை சட்டை, பழைய ஷூ, காலையில குளிரும் அதுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோ. புல்லுல ஒக்காரும்போது பாத்து ஒக்காரு, நெருப்பெறும்பு புத்து இருக்கும், நான் ஒருநாள் அதுமேலயே ஒக்காந்து எழுந்த கதையை எழுத முடியாது. கார் இல்லாம போக முடியாது, அந்தப் பக்கம் பஸ் எதுவும் நம்பாத, ஃப்ரெண்டு யாரையாவது கூட்டிக்கோ.

சோளரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் இருக்கும், காரம் இருக்காது. எலுமிச்சை ஊறுகா கொண்டு போ, ஆனா டேபிள்ல வைக்கும்போதே சொல்லிரு, நான் சொல்லாம வச்சதுல ஒரு பெரியவரு ஜாம்னு நினைச்சு ரொட்டியில தடவிட்டாரு. ரெண்டு டம்ளர் ஸ்வீட் டீ குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டாரு.