ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சேவைச் சங்கங்களால் அரசுப் பள்ளிகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஒரு சங்கம் கொடுத்த கம்ப்யூட்டர்கள் பெட்டி பிரிக்காமலே கிடப்பதாகவும், இவர்கள் வருவது போட்டோவுக்கு மட்டும்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேலூரில் அப்படியொரு சங்கத்தில் 11 வருடமாக உறுப்பினர். லாங்கு பஜார் பக்கம் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. நாங்களும் அப்படிப் பல பொருள்களைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் பயன் உண்டு என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2024-இல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். வேலூர் மாவட்டம் 82.07, கடைசி இடம். 2025-இல் மாநிலம் 93.80, வேலூர் 85.44. கொஞ்சம் ஏறினோம், ஆனால் அப்போதும் கடைசிதான். வைத்தியத்துக்கும் இன்ஜினியரிங் படிப்புக்கும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிற ஊர் இது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் பத்தாவதைத் தாண்ட முடியவில்லை என்றால் மனசு எப்படி ஆறும்? அந்த வாரக் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கோச்சிங் வைக்கலாம், பரிசு கொடுக்கலாம், ஸ்மார்ட் போர்டு வாங்கலாம். எங்கள் தலைவர்தான், "முதல்ல ஒரு டீச்சரைக் கூப்பிட்டுக் கேப்போமே" என்றார்.

ஜூலையில் ஒடுகத்தூர் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வந்தார். வழக்கமாக விருந்தினர் பேச்சுக்கு 20 நிமிடம். அவர் 50 நிமிடம் பேசினார், யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பத்தாவதுல ஃபெயிலாகிற பையன் மூணாவதுலயே எழுத்துக் கூட்டத் தெரியாம உக்காந்திருப்பான் சார். அன்னிக்கே அவனைப் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லித் தர ஆள் இல்ல" என்றுதான் தொடங்கினார். 2025-இல் பத்தாவது எழுதிய பிள்ளைகளைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு முழுக்க வீட்டில். 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பில் பாதி வருடம் போய்விட்டிருந்தது. பின்னம், தசமம், ஆங்கில வாக்கியம் எல்லாம் ஒழுங்காக உட்கார வேண்டிய வயது அது. கொரோனா எல்லா மாவட்டத்துக்கும்தான் வந்தது. ஆனால் பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்திலும், வீட்டில் இருக்கிற ஒரே போனை அப்பா பெங்களூரு கட்டட வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிற வீட்டிலும் ஆன்லைன் வகுப்பு எப்படி நடக்கும்?

அவர் பள்ளியில் 1 முதல் 8 வரை 137 பிள்ளைகள். அதில் ஐந்தாவது வரை 78 பேர். கல்வி உரிமைச் சட்டப்படி 61 முதல் 90 பிள்ளைகள் வரை மூன்று ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு மூன்று பேர் என்பதே நெருக்கடிதான். அதிலும் ஒருவர் டெபுடேஷனில் வேறு பள்ளிக்குப் போயிருந்தார். மீதி இருவரில் ஒருவர் முதல் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத் தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருவது நல்ல முறை என்றார் அவர். ஆனால் ஓர் அறையில் மூன்று வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலை, நடுவில் ஒரே டீச்சர், அவர் கையில் எமிஸ் என்கிற கல்வித் துறைத் தகவல் பதிவுக்காக ஒரு போன். நினைத்துப் பாருங்கள்.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றி மனசாரச் சொன்னார். அந்த ஊரில் அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். காலை 6.30-க்கு வேன் வந்துவிடும். மற்றவர்கள் பீடி சுற்றுகிறார்கள். 2023 ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், பிரேயரில் மயங்கி விழுவது நின்றுவிட்டது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அவர் பள்ளி எட்டு வரை உள்ள பள்ளி. தம்பி உப்புமா சாப்பிடும்போது ஆறாவது படிக்கிற அக்கா பக்கத்தில் நிற்பாள். "அந்தப் பொண்ணு தட்டைப் பாக்காம, செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கும் சார்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. எங்களுக்கும்தான்.

பேச்சு முடிந்ததும் எங்கள் செயலாளர் எழுந்து, "மேடம், உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. ஸ்மார்ட் போர்டா, பெஞ்சா?" என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் தயங்கினார். அப்புறம், "ஒரு ஆயாம்மா வேணும் சார்" என்றார்.

கழிப்பறையைக் கழுவ, தண்ணீர் பார்த்துக்கொள்ள, தினமும் அரை நாள் வேலை செய்கிற ஓர் ஆள். ஊராட்சி மூலமாக ஒருவர் உண்டு. அவருக்குக் கிடைக்கும் தொகை சொற்பம், அதுவும் மாதா மாதம் கைக்கு வராது. அவர் வராத நாளில் கழிப்பறையைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள் அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. "வாட்டர் பெல் அடிக்கிறோம் சார். பெல் அடிச்சதும் பாட்டிலைத் திறந்து உதட்டை நனைச்சிட்டு மூடிடுவாங்க."

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தில் இருக்கும் மகப்பேறு டாக்டர் அம்மா அப்போதுதான் பேசினார். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண்கள் சிறுநீர்த் தொற்றோடு தன்னிடம் வருவதையும், "தண்ணி குடிம்மா" என்று எழுதிக் கொடுத்து அனுப்புவதையும் சொன்னார். ஏன் குடிக்கவில்லை என்று இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை என்று வருத்தப்பட்டார்.

எங்கள் பொருளாளர் நல்ல மனிதர், கணக்கில் கறார். மாதா மாதம் சம்பளம் என்றால் சங்கக் கணக்கில் அதற்கு இடமே இல்லை என்றார். உண்மைதான். எங்களிடம் 'புராஜெக்ட்' என்றால் ஒரு நாள், ஒரு பொருள், ஒரு தொகை. பள்ளிக்கு வேண்டியது வருடம் முழுக்க ஓடுகிற செலவு. உங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பெட்டி பிரிக்காமல் கிடப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வயரிங் யார் செய்வது, கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்று கொடுத்தவரும் கேட்டிருக்க மாட்டார், வாங்கியவரும் சொல்லியிருக்க முடியாது.

மறு வாரம் நான் பள்ளிக்குப் போனேன். வராண்டாவில் எங்கள் சங்கத்தின் சின்னம் ஒட்டிய ஆர்.ஓ. மெஷின் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் நாங்கள் கொடுத்தது. அதன் மேல் துடைப்பமும் சத்துணவுத் தட்டுகளும் இருந்தன. திறந்து பார்த்தேன். அந்த ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஃபில்டர் செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. மாற்ற ஐயாயிரத்துக்கு மேல் ஆகும். அடுத்தது கை கழுவும் குழாய்கள். அவையும் எங்கள் நன்கொடைதான், பைப்பும் டாப்பும் என் கடையிலிருந்தே போனவை. தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பிட்ட கையோடு வந்தான். எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த கருங்கல்லின் மேல் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திருகினான். கல் ஆடியது. அந்தக் கல்லை யாரோ பெரிய பிள்ளைகள் தினமும் அவர்களுக்காக நகர்த்தி வைக்கிறார்களாம். நான் தினமும் குழாய் விற்பவன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது.

தலைமையாசிரியை பள்ளி மானியக் கணக்கை எடுத்துக் காட்டினார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு. அதாவது 5,000 ரூபாய். பள்ளி நடக்கிற பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500 ரூபாயில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் எல்லாம். மீதி 45,000-இல் சாக்பீஸ், ரெஜிஸ்டர், ரிப்பேர். பணமும் ஒரே தவணையில் வந்துவிடாது. மீதி வரும் வரை டீச்சர்கள் கையிலிருந்து போடுகிறார்கள்.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். சங்கக் கணக்கைத் தொடவில்லை. ஆளுக்கு மாதம் 500, மொத்தம் 3,500 ரூபாய். பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் போட்டோம், ஆளைப் பள்ளி மேலாண்மைக் குழு தேர்ந்தெடுத்தது. குழாய்களை நான் என் பிளம்பரை அழைத்துப் போய் இறக்கினேன். ஒரு வரிசை ஒன்றே முக்கால் அடியில், ஒரு வரிசை இரண்டரை அடியில். பித்தளை டாப் திருட்டுப் போகும் என்பதால் பி.டி.எம்.டி. என்கிற பிளாஸ்டிக் டாப். டேங்கிலிருந்து கழிப்பறைக்குத் தனி லைன், தனி வால்வு.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. மூன்றாம் மாதமே ஆயாம்மா ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அங்கே சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். போய்ப் பேசினேன். "இன்னா சார் பண்றது, ரெண்டு பசங்க கீறாங்க. வூட்டு வாடகை யாரு குடுப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கழிப்பறை மறுபடி பூட்டியே கிடந்தது. அப்புறம் ஒரு பாட்டியம்மா வந்தார். பேரப்பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். தொகையை 4,500 ஆக்கினோம், எங்கள் எண்ணிக்கையும் ஒன்பதானது.

படிப்பு மாறியதா என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்கள் மாதத்தில் மூன்று நான்கு நாள் லீவு போடுவது குறைந்திருக்கிறது என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினார் வகுப்பாசிரியை. டாக்டர் அம்மா போய் அந்தப் பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்து பேசிவிட்டும் வந்தார்.

நீங்களும் ஏதாவது சங்கத்திலோ நண்பர்கள் குழுவிலோ இருந்தால், பொருள் வாங்குவதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். அதைத் தயாரிப்பது சட்டப்படி அவர்கள் கடமை. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன குறை என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்கிற அரசுத் திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். 1950-களின் கடைசியில், காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஜனங்களே தங்கள் பள்ளிக்கு எது இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். கூரையிலிருந்து கரும்பலகை வரை அந்தப் பட்டியல் பார்த்தே சேர்ந்தது. என் அப்பா படித்த பள்ளிக்குக் கிணறு வந்தது அப்படித்தான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆர்.ஓ. மெஷினை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. கூட்டுக் குடிநீர் லைன் தெரு முனை வரை வந்திருக்கிறது, பள்ளிக்கு ஓர் இணைப்பு கேட்டு மேலாண்மைக் குழுவினர் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். வருகிற புதன்கிழமைக் கூட்டத்துக்கு அந்தத் தலைமையாசிரியையை மறுபடி அழைத்திருக்கிறோம். 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகள் 59 பேருக்கும் காலையில் என்ன கொடுக்க முடியும், யார் சமைப்பது, மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்கெழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.