ஊசிக்கு முன் ஒரு ஸ்கேன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெஞ்சில் ஏதோ நரம்பு வீங்கியிருக்கிறதாம். மருந்து எழுதி அனுப்புவீர்களா?

மாட்டேன். எந்த நரம்பு? நம் ஊரில் ஊசி போடும் சிரையும் நரம்பு, சுளுக்கிக்கொள்ளும் தசையும் நரம்பு. ரிப்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: மேல் பெருஞ்சிரையில் அனியூரிசம் என்றார்கள். மகாதமனி போல வெடித்துவிடுமா?

அனியூரிசம் என்றால் ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கியிருப்பது. மேல் பெருஞ்சிரை தலை, கை ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் சிரை. அது அவ்வளவு எளிதில் வெடிக்காது. சிரைக்குள் அழுத்தம் தமனியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபியூசிஃபார்ம் என்று போட்டிருந்தால், அதாவது குழாயே சீராக அகன்றிருந்தால், பெரும்பாலும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். சாக்குலர் என்றால் ஒரு பக்கம் பை போலத் தொங்குகிறது. அதில் ரத்தம் உறைந்து, உடைந்து நுரையீரலை அடைக்கலாம். சர்ஜனைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய்க்கு வலப்பக்கம் 3 செ.மீ. நிழல். நெறிக்கட்டியாம், திங்கட்கிழமை ஊசியால் குத்தித் திசு எடுக்கும் பயாப்சி. சம்மதிக்கலாமா?

ஸ்கேன் எடுத்தார்களா, கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டும் மருந்து) போட்டார்களா என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! நெஞ்சின் பின்சுவரிலிருந்து ரத்தம் கொண்டுவரும் அசைகஸ் சிரை வளைந்து மேல் பெருஞ்சிரையில் சேரும் இடம் அதுதான். அது வீங்கினால் எக்ஸ்ரேயில் நெறிக்கட்டி மாதிரியே இருக்கும். கான்ட்ராஸ்ட் போட்டும், மருந்து ஏறியதும் அவசரமாக ஒரே சுற்று எடுத்தால் அசைகஸ் நிரம்பியிருக்காது. கட்டி என்றே தோன்றும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சுற்று எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் குத்தினார்கள். சிரிஞ்சில் திசு வரவில்லை. கருஞ்சிவப்பாக ரத்தம் தானாக ஏறியது. நல்லவேளை, பிழைத்தார். நின்றபடி ஒரு எக்ஸ்ரே, படுத்தபடி ஒன்று எடுத்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். படுத்தால் பெரிதாகி, நின்றால் சுருங்கினால் அது சிரை. நெறிக்கட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

அப்புறம், சிலருக்குப் பிறவியிலேயே கீழ்ப் பெருஞ்சிரையில் ஒரு பகுதி இருக்காது. கால், இடுப்பு ரத்தமெல்லாம் அசைகஸ் வழியாகத்தான் இதயத்துக்குப் போகும். அதை வீக்கம் என்று நினைத்து ஆபரேஷனில் நூலால் கட்டி அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. திங்கட்கிழமையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: மீடியாஸ்டினத்தில் ஹெமாஞ்சியோமாவாம், உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகளாம். புற்றுநோயா?

இல்லை. ஹெமாஞ்சியோமா ரத்தக்குழாய்களால் ஆன சாதுவான கட்டி. மீடியாஸ்டினம் என்பது இரண்டு நுரையீரலுக்கும் நடுவே உள்ள பகுதி. அந்தப் பகுதிக் கட்டிகளில் இருநூறில் ஒன்றுகூட இது இல்லை. உருண்டையான சுண்ணாம்புப் புள்ளி பத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தால் நோயை அடையாளம் காண்பது சுலபம். இதிலும் ஊசி வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் இரண்டு நுரையீரலிலும் சிறு சிறு முடிச்சுகள். ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டும் மாற்றமில்லை. இப்போது பயாப்சியில் எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்று வந்திருக்கிறது. உடனே கீமோ வேண்டுமா?

இங்கே பயாப்சி செய்தது சரி. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் இது. ஸ்லைடை ஒரு பெரிய புற்றுநோய் மையத்தில் காட்டி, இந்த நோயை உறுதிசெய்ய உதவும் கேம்டா1 சோதனை கேளுங்கள். கல்லீரலையும் ஸ்கேன் செய்யுங்கள். சிலருக்கு வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அவர்களுக்குக் கண்காணிப்பே போதும். நெஞ்சில் நீர் கோத்தாலோ எடை குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். டி.பி. கிருமி சளியில் தெரிந்ததா, அல்லது எக்ஸ்ரேயைப் பார்த்தே மாத்திரை கொடுத்தார்களா? அதையும் எழுதுங்கள்.