தோட்ட விளையாட்டை ஆன்லைனுக்குக் கொண்டுபோகலாமா: வருகிறவர் விருந்தாளியா, பங்காளியா?

கேள்வி: அண்ணா, நானும் தம்பியும் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம். இரண்டு பாகம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் விற்கிறது, இரண்டும் ஒருவர் மட்டும் விளையாடுவது. நேட்டால் கரும்புக் காட்டோரம் ஒரு சின்ன வீடு. மிளகாய், கத்தரி, கொத்தமல்லி போட்டு, விடியற்காலை மார்க்கெட்டில் விற்று, காவடித் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வேண்டும். சண்டை கிடையாது, தோற்பதும் கிடையாது. மூன்றாம் பாகத்தில் சொந்தக்காரர்களோடு ஆன்லைனில் விளையாட வேண்டும் என்று வாங்கியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சர்வர் வாடகைக்கு எடுக்கலாமா? எத்தனை பேரைச் சேர்க்கலாம்? லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்? நூறு பேர் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்கிறான் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விளையாட்டின் பெயரைப் போடாதீர்கள்.

பதில்: சர்வர் இப்போதைக்கு எங்கும் ஓடிவிடாது, தங்கச்சி. முதலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்கள் தோட்டத்துக்குள் வருகிறவர் விருந்தாளியா, பங்காளியா? விருந்தாளி சுற்றிப் பார்ப்பார், கொண்டுவந்ததைக் கையில் கொடுப்பார், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். பங்காளிக்கு நிலத்தில் பாத்தியதை உண்டு. நீங்கள் போட்ட கத்தரியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி நடலாம், உண்டியலில் கை வைக்கலாம். பங்காளி வழக்கு எப்படிப்பட்டது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், ஒரு ராத்திரி முழுக்கச் சொல்வார். நெட்வொர்க் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

இரண்டு வழிக்கும் முன்னோடி உண்டு. சின்ன ஊரில் குடியேறி வாழும் விளையாட்டான அனிமல் கிராஸிங் தொடர் முதன்முதலாக ஆன்லைனுக்கு வந்தது 2005இல், நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த வைல்ட் வேர்ல்டில். ஒரே நேரத்தில் நான்கு பேர். 2020இல் வந்த நியூ ஹொரைசன்ஸில் எட்டுப் பேர். ஆனால் வருகிறவர் விருந்தாளிதான். 'நெருங்கிய நண்பர்' என்று நீங்கள் குறித்துக்கொடுக்காதவரை உங்கள் தீவில் அவர் கோடாலியையும் மண்வெட்டியையும் எடுக்கவே முடியாது. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு பங்காளி வழி. ஒரே பண்ணை, ஆளுக்கு ஒரு குடிசை, நிலம் எல்லாருக்கும் பொது. முதலில் காசும் பொதுவாகவே இருந்தது, தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும் வசதி பிறகுதான் வந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உண்டியலைப் பிரிக்காமல் பங்காளிகள் எத்தனை நாள் இருப்பார்கள்?

அந்த விளையாட்டைத் தனி ஆளாகச் செய்தவர் எரிக் பரோன். 2016 பிப்ரவரியில் வெளியானது. பலர் சேர்ந்து விளையாடும் வசதி கம்ப்யூட்டருக்கு வந்தது 2018 ஆகஸ்டில். கையில் வெற்றியும் காசும் இருந்தும், நெட்வொர்க் பகுதிக்குப் பதிப்பாளரின் புரோகிராமர் ஒருவர் கைகொடுத்தும், இரண்டரை வருஷம். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தம்பியின் மேஜைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

தம்பி கேட்கிற நூறு பேர் ஊர் மூன்றாவது வழி. வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் தி சிம்ஸ் விளையாட்டு 2000இல் வந்து உலகத்தையே வளைத்துப்போட்டது. அதே தைரியத்தில் 2002 டிசம்பரில் தி சிம்ஸ் ஆன்லைன் வந்தது. வீட்டில் தனியாக விளையாடும்போது நேரத்தை ஓட்டிவிடலாம், நிறுத்திவைக்கலாம். ஊரே சேர்ந்திருக்கும் இடத்தில் அது நடக்காது. திறமையை வளர்க்க நிஜ நேரத்தில் காத்திருக்க வேண்டும், கூட்டமாக இருந்தால் சீக்கிரம் வளரும். ஆகவே வீடு கட்டிக் குடும்பம் நடத்த வந்தவர்கள், யாரோ ஒருவர் வீட்டில் வரிசையாக உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டு அரட்டை அடித்தார்கள். பெயரை மாற்றிப் பார்த்தார்கள், 2008 ஆகஸ்டில் மூடினார்கள். அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியே 2013இல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டை இணையம் இல்லாமல் விளையாடவே முடியாதபடி வெளியிட்டது. முதல் நாட்களில் சர்வர் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு வருஷம் கழித்து இணையம் இல்லாமலும் விளையாட வழி விட்டார்கள். நூறு பேரில் கெட்டவர் இருப்பார் என்பதல்ல என் கவலை. உங்கள் விளையாட்டில் மனசுக்கு இதமாக இருப்பதே 'என் வீடு, என் நேரம்' என்பதுதான், நூறு பேர் சேர்ந்தால் முதலில் அது காணாமல் போகும்.

ஆகவே என் யோசனை: விருந்தாளி வழி, அதிகபட்சம் நான்கு பேர், வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரே சர்வர்.

நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஸ்டார்டியூவில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். தனியாக விளையாடும்போது பையைத் திறந்தால் கடிகாரம் நிற்கும், சேர்ந்து விளையாடும்போது நிற்காது. நாள் முடிய எல்லாரும் படுக்கைக்குப் போக வேண்டும், ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கட்டிலில் முழித்துக்கொண்டு கிடப்பார்கள். அனிமல் கிராஸிங்கில் யார் வந்தாலும் போனாலும் எல்லாருடைய திரையும் நின்று, வருகிறவரின் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டுப் பேர் வந்துசேர்வதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். உங்கள் விளையாட்டில் கடிகாரம் வீட்டுக்காரருடையதாக மட்டும் இருக்கட்டும். அவர் நிறுத்தினால் வானம் மட்டும் நிற்கட்டும். விருந்தாளி திண்ணையில் உட்காரலாம், நாயைக் கொஞ்சலாம். காவடி நாளில் யாருக்காகவும் ஊர்வலம் காத்திருக்க வேண்டாம், பிந்தி வருகிறவர் நடுவழியில் சேர்ந்துகொள்ளட்டும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் காவடியில் அப்படித்தானே சேர்ந்துகொள்கிறோம்?

இனி புரோகிராம் கோடுக்குள் போவோம். உங்கள் பழைய இரண்டு பாகத்திலும் 'பிளேயர்' என்று ஒருமையில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், நூற்றுக்கணக்கான இடத்தில் வரும். ஒவ்வொரு இடத்திலும் நின்று கேளுங்கள்: இங்கே பிளேயர் என்றால் இந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரா, வீட்டுக்குச் சொந்தக்காரரா, இந்தக் காரியத்தைச் செய்தவரா? மூன்று ஆட்கள் இத்தனை நாள் ஒரே பெயரில் ஒளிந்திருக்கிறார்கள். கேமரா முதல் ஆளுடையது. உண்டியல் இரண்டாம் ஆளுடையது. பூசாரி 'நேற்றுத் தேங்காய் கொண்டுவந்தாயே' என்று சொல்கிறாரே, அது மூன்றாம் ஆளுக்கு. இதைப் பிரிக்காமல் நெட்வொர்க்கைத் தொட்டால், மொரீஷியஸிலிருந்து வந்த அத்தையைப் பார்த்துப் பூசாரி உங்கள் தேங்காய்க்கு நன்றி சொல்வார். மூன்றாம் பாகத்தின் முதல் மாதங்கள் இந்த வேலைக்கே போகும். வெளியே காட்ட ஒன்றும் இருக்காது, சோர்ந்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஒரே கத்தரிக்காய்க்கு இருவர் கை நீட்டும் சங்கதி. நீங்களும் விருந்தாளியும் ஒரே நொடியில் பறிக்கிறீர்கள். இரண்டு கம்ப்யூட்டரும் தாங்களே முடிவு செய்தால் இரண்டு பையிலும் காய் விழும், செடியில் இருந்ததோ ஒன்று. தீர்ப்பு சொல்ல ஒருவர்தான் இருக்க வேண்டும், அது வீட்டுக்காரர் கம்ப்யூட்டர். விருந்தாளியின் கம்ப்யூட்டர் 'பறிக்கலாமா' என்று கேட்கும், பதில் வந்த பிறகே பையில் போடும். இடையில் தாமதம் தெரியாதா என்று கேட்பீர்கள். பறிப்பதற்கு முன் ஆளைக் குனிய விடுங்கள். குனிகிற அரை விநாடியில் பதில் போய்த் திரும்பிவிடும். காய் இல்லை என்று வந்தால் இலையைத் தடவிவிட்டு நிமிரட்டும். ஆள் அடியெடுத்து நடப்பது மட்டும் யாரையும் கேட்காமல் உடனே நடக்க வேண்டும், அது அரை விநாடி பிந்தினாலும் தலை சுற்றும்.

இப்போது லோட் ஷெட்டிங். 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட நாள் நிம்மதியாக இருந்தோம், 2025இல் இடையிடையே மறுபடியும் எட்டிப் பார்த்தது. அது வராவிட்டாலும் தெருவில் கேபிள் திருட்டு இருக்கிறது, ரவுட்டர் வயரை இடறும் குழந்தை இருக்கிறது. நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் பரிசு கொடுக்கும் பகுதியை அவசரமாக எழுதினோம். அக்கா தங்கைக்கு ஒரு ஊஞ்சல் அனுப்பினாள், அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. அக்கா பையிலிருந்து போய்விட்டது, தங்கை வீட்டுக்கும் வரவில்லை. மூன்று வாரம் காசு சேர்த்து வாங்கிய ஊஞ்சல். அவசரமாகத் திருத்தினோம். அடுத்த முறை அறுந்தபோது இரண்டு வீட்டிலும் ஊஞ்சல் ஆடியது, ஒரே வாரத்தில் ஊர் முழுக்க இனாம் ஊஞ்சல்.

தீர்வு நம் கல்யாண வீட்டு வாசலில் இருக்கிறது: மொய் நோட்டு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரிசை எண் போடுங்கள். கொடுப்பவர் பையில் பொருள் 'போய்க்கொண்டிருக்கிறது' என்று பூட்டப்படும், அழியாது. வாங்குபவர் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதி, ஹார்ட் டிஸ்கில் சேமித்த பிறகுதான் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும். அதைக் கேட்ட பிறகே கொடுத்தவர் பக்கம் அழிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி சேரும்போது இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் 'ஏற்கெனவே எழுதியாச்சு' என்று பதில் சொல்லிவிட்டுப் பொருளைச் சேர்க்காமல் விட வேண்டும். நியூ ஹொரைசன்ஸில் ஒருவர் இணைப்பு தவறினால் எல்லாரையும் கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்பான முறைதான், ஆனால் நம் ஊர்க் கரண்டுக்கு அது கொடுமை. விருந்தாளி காணாமல் போனால் அவர் மட்டும் மறையட்டும். வீட்டுக்காரர் காணாமல் போனால் விருந்தாளி தன் பையோடு தன் வீட்டில் போய் நிற்கட்டும்.

இதற்கும் முன்னால் செய்யக்கூடிய ஒன்று உண்டு, மலிவு. அனிமல் கிராஸிங்கில் 'கனவு' என்று ஒரு வசதி: உங்கள் தீவின் நகல் ஒன்றை ஏற்றிவைப்பீர்கள், நீங்கள் இல்லாதபோது மற்றவர்கள் அதில் உலாவலாம், எதைக் கலைத்தாலும் உண்மையான தீவுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் தோட்டம் நீளத்தில் 100, அகலத்தில் 100 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்கு 8 பைட் போட்டால் மொத்தம் 80 கிலோபைட், ஒரு வாட்ஸ்அப் படத்தைவிடக் குறைவு. அதோடு திண்ணை ஒன்றைச் சேருங்கள். வந்தவர் ஒரு பொருளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், வீட்டுக்காரர் அடுத்த முறை திறக்கும்போது கிடைக்கும். அதே மொய் நோட்டு, அதே வரிசை எண். மொரீஷியஸ் நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தி, சென்னை மூன்றரை மணி நேரம் முந்தி. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நடக்கும். உங்கள் விளையாட்டை வாங்கியவர்கள் 'ஆன்லைன்' என்று கேட்பதில் பாதி இதுதான் என்பது என் ஊகம். இதை முதலில் வெளியிட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பாருங்கள். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: இங்கே தீபாவளி வசந்தத்தில் வருகிறது, விருந்தாளி எங்கிருந்து வந்தாலும் வீட்டுக்காரரின் பருவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சர்வர் வாடகை வேண்டாம். வாடகை பெரும்பாலும் டாலர் கணக்கில் மாதாமாதம் வரும், விற்பனை அப்படி வராது. வீட்டு இணைப்புகள் பல ஒரே வெளி இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நேராகக் கதவைத் தட்ட முடியாது, இடையில் ஒரு தபால்காரர் வேண்டும். ஸ்டீமில் விற்பவர்களுக்கு அந்தத் தபால் வசதி தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது, ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாது என்பது கூடுதல் லாபம். வேறு கடைகளிலும் விற்பதாக இருந்தால் எபிக் ஆன்லைன் சர்வீசஸ் என்ற அதே மாதிரி வசதியும் இலவசம்தான். டேட்டா செலவு பற்றிக் கவலை வேண்டாம்: விநாடிக்குப் பத்துப் பாக்கெட் (சின்னத் தகவல் பொட்டலம்), பாக்கெட்டுக்கு 100 பைட், மூன்று விருந்தாளிக்கு அனுப்பினால் மணிக்கு 11 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

தூரம்? இணையக் கேபிளின் கண்ணாடி நாரிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். லண்டன் இங்கிருந்து ஏறக்குறைய 9,500 கிலோமீட்டர், போய்வரவே குறைந்தது 95 மில்லிசெகண்ட். கேபிள் வளைந்து வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். குனிகிற அரை விநாடிக்கு முன் அது தூசு. மொரீஷியஸ் அத்தைக்கு இன்னும் சுலபம்: 2002இல் போட்ட சேஃப் என்ற கடலடிக் கேபிள் நம் கடற்கரை ஊரான ம்டுன்ஸினியிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்குப் போகிறது. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம்மவர்களை டர்பனில் கொண்டுவந்து இறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

குழந்தைகள் விளையாடுவார்கள். ஆகவே எழுதிப் பேசும் வசதியை முதல் வெளியீட்டில் வைக்காதீர்கள், படக்குறிகளும் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா', 'போய்ட்டு வரேன்' மாதிரி பத்து வாசகங்களும் போதும். இங்கே போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான், அவர்களுடைய விவரத்தைச் சேகரிக்க வேண்டுமென்றால் பொதுவாகப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சொந்தமாகக் கணக்குத் திறக்கும் முறையே வைக்காமல், நண்பர் அழைப்பு மட்டும் இருந்தால் சேகரிக்க ஒன்றும் இருக்காது.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். சமையலறை மேஜையில் இரண்டு லேப்டாப். இணைப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் கருவி உண்டு: விண்டோஸ் என்றால் கிளம்ஸி, லினக்ஸ் என்றால் நெட்எம். அதைக் கொண்டு 300 மில்லிசெகண்ட் தாமதமும், நூற்றுக்கு ஐந்து பாக்கெட் தொலைவதும் வரும்படி செய்யுங்கள். நீங்கள் அவனுக்கு ஒரு கத்தரிக்காய் கொடுங்கள், கை நீளும் நேரத்தில் அவன் ரவுட்டர் வயரைப் பிடுங்கட்டும். மறுபடி செருகி எண்ணிப் பாருங்கள். இருபது தடவையும் மொத்தம் ஒரே ஒரு காய் இருந்தால் எழுதுங்கள், நான்கு பேருக்குப் போகலாமா என்று அப்போது பேசுவோம்.