பெரிய சண்டை எதுவும் இல்லாதபோது கணவன் மனைவி கவுன்சலிங் போவது அவசியமா? மாமியார் என்ன நினைப்பாரோ? (பெங்களூரு)

அவசியமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாங்கள் போனோம், நல்லதாகத்தான் போயிற்று.

நீங்களும் எங்களைப் போல ஐடி ஜோடியாகத்தான் இருப்பீர்கள். என் கணவருக்கு அமெரிக்க ஷிஃப்ட், எனக்குப் பகல் வேலை. சண்டை போடக்கூட நேரம் ஒத்துவராது. பால் வாங்கியாச்சா, இ.எம்.ஐ. போயிடுச்சா, இவ்வளவுதான் பேச்சு. மாமனாருக்கு மூட்டு ஆபரேஷன் என்பதே நாத்தனார் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது.

கவுன்சலிங்குக்கு இங்கே உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போகலாம் என்றதும் "நமக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர். ஓசூர் ரோடு ஆஸ்பத்திரி இல்லை, பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களே தனியாக ஒரு நலவாழ்வு மையம் நடத்துகிறார்கள் என்ற பிறகுதான் கிளம்பினார். அங்கே ஒருவர் பேச வேண்டும், மற்றவர் பதில் சொல்லும் முன் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "ராத்திரி தனியா சாப்பிடப் பிடிக்கலை" என்றேன். அவர் திருப்பிச் சொன்னது: "நான் வேலையை விடணும்கிறா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். கோபம் முற்றிய பிறகு போயிருந்தால் அதே வரிக்கு அங்கேயே அடிதடி ஆகியிருக்கும்.

'காசு இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு' என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். அது மத்திய அரசு நிறுவனம் ஐயா.

1984-ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, விவாகரத்து கேட்டுப் போனாலும் முதலில் சமரசத்துக்குத்தான் முயல்வார்கள். அங்கேயும் கவுன்சலர்தான் உட்கார வைத்துப் பேசுவார். வக்கீல் ஃபீஸ் கட்டிவிட்டு அங்கே போய் உட்காருவதற்கு இப்போதே போகலாம்.

அடி, மிரட்டல் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்கள் முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்க வேண்டும்.

மாமியார் என்ன நினைப்பாரோ என்று கேட்டிருந்தீர்கள். பி.டி.எம்.மில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பொய்யில்லையே.