கண்ணா இலைகள் 90, இடங்கள் 3

வணக்கம் ஐயா,

தாவரவியலில் எம்.பில். செய்யப் பதிந்திருக்கிறேன். ஊர் களுவாஞ்சிக்குடி. வாவியோரத்துக் கண்ணா மரங்கள், அதாவது அவிசீனியா மரீனா, உப்புக்கு எப்படி இசைவாகியிருக்கின்றன என்பதுதான் என் தலைப்பு. முகத்துவாரத்துக்குக் கிட்டப் பாலமீன்மடு, பிறகு மண்முனை, வடக்கே ஏறாவூர் என 3 இடங்கள் தெரிவு செய்தேன். இடத்துக்கு 30 இலை பறித்து, பச்சையமும் சோடியமும் அளந்து ஒப்பிட்டு, ஏறாவூர் மரங்கள் குறைந்த உப்புக்கு இசைவாக்கம் அடைந்த தனிக் குடித்தொகை என்று காட்டுவது திட்டம். முன்மொழிவை வாசித்த மேற்பார்வையாளர், "மாதிரி எண்ணிக்கை போதாது, கூர்ப்பு பற்றி இதில் ஒன்றும் சொல்ல ஏலாது" என்று திருப்பித் தந்துவிட்டார். 30ஐ 50 ஆக்கினால் போதுமா? இலையின் நீர் இழுவிசையை அளக்கும் அமுக்க அறைக் கருவியும் எங்களிடம் இல்லை. அது இல்லாமல் உடற்றொழிலியல் பக்கத்தைச் செய்யலாமா?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரி. 30ஐ 50 ஆக்கினாலும் 500 ஆக்கினாலும் அவர் அதையேதான் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

உங்கள் கேள்வி உப்பைப் பற்றியது. உப்பு இலைக்கு இலை மாறவில்லை, இடத்துக்கு இடம்தான் மாறுகிறது. ஆகவே உங்கள் மாதிரி எண்ணிக்கை 90 அல்ல, 3. 90 இலைகளையும் மாறற்பகுப்பாய்வில் (கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடும் கணிப்பில்) போட்டால் மென்பொருள் வழுவுக்கு 87 சுயாதீனப் படிகள், அதாவது ஒன்றிலொன்று தங்காத தகவல் துண்டுகள், தரும், 50 இலையாக்கினால் 147 தரும். உண்மையில் உவர்த்தன்மைக்கு எதிராக 3 இடச் சராசரிகளைக் குறித்து ஒரு நேர்கோடு வரைந்தால் மிஞ்சுவது 1 படி. சூழலியலாளர் ஹேர்ல்பேர்ட் 1984இல் போலி மீள்செய்கை என்று பெயரிட்டு எழுதியது இதைத்தான். இலை கூடக் கூட பி பெறுமதி சின்னதாகும், ஆனால் அது "பாலமீன்மடுவும் ஏறாவூரும் வேறுவேறு இடங்கள்" என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும். அந்த இரண்டு இடங்களும் சேறு, அலை, ஊர்க் கழிவுநீர், மரத்தின் வயது, விறகு வெட்டு என எத்தனையோ விதத்தில் வேறுபடுகின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் உப்புத்தான் என்று சொல்ல உங்கள் தரவில் இடமில்லை.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. 30 இடங்களில் அளந்து, உப்புக் கூடிய இடத்து இலைகள் எல்லாம் தடித்துச் சோடியம் நிறைந்திருந்தாலும், அது கூர்ப்புக்குச் சான்றாகாது. ஒரே வித்திலிருந்து வந்த மரமே உப்பில் ஒரு விதமாகவும் உப்பில்லா இடத்தில் வேறு விதமாகவும் உடம்பை அமைத்துக்கொள்ளும். கண்ணாவில் அந்த ஆற்றல் மிக அதிகம். பரம்பரையில் வந்த வேறுபாட்டை அதிலிருந்து பிரிப்பதற்கு நேரடியான வழி இதுதான்: வேறுவேறு இடத்துச் செடிகளை ஒரே சூழலில் வளர்ப்பது. சுவீடனில் தாவரவியலாளர் தூரசன் 1922இல் சூழல்வகை, அதாவது ஓர் இனத்துக்குள் இடத்துக்கேற்பப் பரம்பரையில் வேறுபட்ட வகை, என்ற கருத்தை முன்வைத்தது அப்படிப் பொதுத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்துத்தான். கிளோசன், கெக், ஹீசி மூவரும் கலிபோர்னியாவில் கடற்கரை தொடக்கம் சியரா நெவாடா மலை வரையான செடிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுமார் 30, 1400, 3050 மீற்றர் உயரங்களில் இருந்த மூன்று தோட்டங்களில் நட்டு ஒப்பிட்டு 1940இல் வெளியிட்டார்கள். ஒரே செடியின் துண்டு மூன்று உயரத்திலும் எப்படி மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை அவர்களால் நேரே பார்க்க முடிந்தது. உங்களுக்குத் தேவை அந்தத் தோட்டத்தின் சிறிய, உப்பு வடிவம்.

தொடங்குமுன் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் யோசியுங்கள். கண்ணாக் காய் மிதக்கும். வாவிக்குள் ஒரு கரையில் விழுந்தது இன்னொரு கரையில் ஊன்றும். அதோடு நம் வாவி, மாரியில் வெள்ளம் வரும்போது ஏறக்குறைய நன்னீராகவும், கச்சான் அடித்து முடியும் ஆவணி, புரட்டாசியில் நல்ல உவராகவும் இருக்கிறது. காய் கலப்பதும் உப்பு ஆண்டுக்குள் ஏறி இறங்குவதும், இடத்துக்கொரு பரம்பரை வகை உருவாவதற்கு எதிராக வேலை செய்யும், தன்னை மாற்றிக்கொள்ளும் மரத்துக்குச் சாதகமாக இருக்கும். மறுபுறம், நாற்றுப் பருவத்தில் சாவு அதிகம் என்பதால் தெரிவு கடுமையாகவும் இருக்கலாம். ஆகவே "வேறுபாடு இல்லை" என்ற விடை வந்தாலும் அது நல்ல ஆய்வேட்டுக்கு உரிய விடைதான், வடிவமைப்பு அதைத் தாங்கக்கூடியதாக இருந்தால்.

வடிவமைப்புக்கு வருகிறேன். ஒரே வாவிக்குள் நிற்காதீர்கள். வடக்கே பனிச்சங்கேணி, வாழைச்சேனை, பிறகு மட்டக்களப்பு வாவி, அம்பாறைக் கரையில் கோமாரி, பொத்துவில், அறுகம் எனக் களப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்ணா போதியளவு நிற்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். இருக்கும் களப்பு ஒவ்வொன்றிலும் உப்புக் கூடிய ஓரிடம், குறைந்த ஓரிடம் எனச் சோடியாக எடுங்கள். 6 களப்பு, களப்புக்கு 2 இடம், இடத்துக்கு 4 தாய் மரம், 3 உப்பு மட்டம், ஒவ்வொன்றிலும் தாய்க்கு 2 நாற்று: மொத்தம் 288 நாற்றுகள். 4 களப்பும் இடத்துக்கு 6 தாயும் எடுத்தாலும் அதே 288தான் வரும், ஆனால் சோடிகளை ஒப்பிடும்போது 5 சுயாதீனப் படிகளுக்குப் பதில் 3தான் கிடைக்கும். பெற்றோலுக்குச் செலவழித்தாலும் களப்பைக் கூட்டுங்கள், தாயைக் குறைத்துக்கொள்ளலாம்.

"உப்புக் கூடிய இடம்" எது என்பதை முகத்துவாரத் தூரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முகத்துவாரத்திலிருந்து தள்ளி, கோடையில் மட்டும் காயும் சேற்றுத் தரை கடல்நீரைவிட உவராகிவிடும். வாவியின் மேல்நீரை அள்ளி அளப்பதும் பயனில்லை, வேர் குடிப்பது மண்ணிடை நீரை, அதாவது மண் துணிக்கைகளுக்கு நடுவில் நிற்கும் நீரை. கண்ணாவின் கிடைவேர்கள் ஆழமாகப் போவதில்லை என்பதால் 20 செ.மீ. ஆழம் போதும். கீழ்முனையில் துளையிட்டு வலை சுற்றிய பி.வி.சி. குழாய்களை இடத்துக்கு 5 வீதம் இறக்கி, முதல் ஊறிய நீரை வெளியேற்றிவிட்டு, மறுபடி ஊறியதை எடுங்கள். தை மாதக் கடைசியிலும் புரட்டாசியிலும் கட்டாயம் எடுக்க வேண்டும். உவர்த்தன்மை காட்டும் ரிஃப்ராக்டோமீற்றரைக் காய்ச்சி வடித்த நீரில் ஒவ்வொரு நாளும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 5க்குக் கீழ் என்றால் அதை நம்பாமல் மின்கடத்துதிறன் மானியைப் பாவியுங்கள். 35 உவர்த்தன்மையுள்ள கடல்நீர் 25 பாகையில் சென்ரிமீற்றருக்கு சுமார் 53 மில்லிசீமன் காட்டும், மானி சரியா என்று பார்க்க அந்த எண் உதவும்.

காய்களை மரத்திலிருந்தே, தாய்வாரியாகப் பையிலிட்டுப் பெயரெழுதி எடுங்கள். தரையில் பொறுக்கினால் தாய் யாரென்று தெரியாது. தாய் மரங்களுக்கிடையே குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும். பூச்சித் துளையுள்ளதை விலக்கி, மற்றதை நன்னீரில் ஒரு நாள் மிதக்கவிட்டால் மேல்தோல் கழரும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். இதை விட்டால் பின்னர் திருத்த வழியே இல்லை. கொழுத்த காயிலிருந்து கொழுத்த நாற்று வரும், அது தாயின் சேமிப்பு, பரம்பரை அலகின் வேலை அல்ல. வித்திலைகள் விழும் வரை நாற்று அந்தச் சேமிப்பில்தான் வாழ்கிறது. ஆகவே வித்திலை விழுந்த பிறகான வளர்ச்சியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 6 மாதத்துக்குக் குறைய நிறுத்தக்கூடாது. தாய்வழி விளைவை முழுதாக அகற்ற அடுத்த தலைமுறை வேண்டும், மரத்தில் அது எம்.பில். காலத்துக்குள் நடக்காது. ஆய்வேட்டில் அதை வெளிப்படையாக எழுதி, முடிவை அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு மட்டங்கள் 3, 15, 30 போதும். நன்னீரைக் "கட்டுப்பாடு" என்று வைக்காதீர்கள். கண்ணா நடுத்தர உவரில்தான் நன்றாக வளரும், நன்னீரில் தேங்கும். கறியுப்புக் கரைசலும் வேண்டாம், அதில் கல்சியமும் மகனீசியமும் இல்லாததால் உப்பின் தாக்கத்தோடு அயன் குறைபாடும் சேர்ந்துவிடும். கல்லடிக் கடல்நீரை அள்ளி நன்னீரால் ஐதாக்குங்கள். ஐதாக்கும் கிணற்றுநீரை முதலில் அளவுங்கள், கரையோரக் கிணறுகள் பல தாமே உவரானவை. கழுவிய ஆற்று மணலில் நட்டு, முதல் சோடி இலை விரியும் வரை எல்லாவற்றையும் 5இல் வைத்திருந்து, பிறகு 3 நாளுக்கு ஒருமுறை 5 அலகாக உயர்த்துங்கள். ஒரேயடியாக 30க்குப் போனால் நீங்கள் அளப்பது அதிர்ச்சியை, தாங்குதிறனை அல்ல. மற்ற மட்டங்களின் நீரையும் அதே நாளில் மாற்ற வேண்டும். ஊட்டத்துக்கு ஹோக்லண்ட் கரைசல் கால் செறிவில் போதும்.

இங்கே போலி மீள்செய்கை மறுபடி உள்ளே வரும், கவனம். உப்பைத் தட்டுக்குத்தான் ஊற்றுகிறீர்கள். மட்டத்துக்கு ஒரு பெரிய தட்டு வைத்தால் உங்கள் எண்ணிக்கை மறுபடியும் 3. மட்டத்துக்கு 4 தட்டு, மொத்தம் 12, தட்டுக்கு 24 நாற்று என்று வையுங்கள். ஒரே தாயின் 2 நாற்றும் ஒரே தட்டில் வரக்கூடாது. தட்டில் எந்த மூலையில் எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, வாரம் ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றுங்கள். கச்சான் காலத்தில் ஒரே நாளில் நீர் கணிசமாக வற்றும், உப்பு வற்றாது. தட்டில் கோடிட்டு, தினமும் நன்னீரால் கோடு வரை நிரப்பி, வாரம் ஒருமுறை முழுநீரையும் மாற்றுங்கள். மாரிக்கு முன் மேலே பொலித்தீன் கூரை கட்டாயம், பக்கங்களைத் திறந்து விடுங்கள், இல்லையேல் உள்ளே வெந்துவிடும். ஆடு வராமல் வலையும் வேண்டும். கண்ணா இலை என்றால் ஆட்டுக்கு அவ்வளவு விருப்பம்.

அமுக்க அறை விடயம். அது இருந்தால் நல்லது, ஆனால் உங்கள் கேள்விக்கு அது அத்தியாவசியமில்லை. கடல்நீரின் நீரழுத்தமே (நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டும் அளவே) சுமார் −2.5 மெகாபஸ்கால். அதில் நிற்கும் மரம் நீர் எடுக்க அதற்கும் கீழே போயாக வேண்டும். ஷோலண்டரும் கூட்டாளிகளும் 1965இல் இந்தக் கருவியை அறிமுகப்படுத்தியபோது கண்டலின் காழில், அதாவது நீர் கடத்தும் இழையத்தில், உள்ள இழுவிசையைக் காட்டியது பெரிய செய்தியானதும் இதனால்தான். பயிர்ச்செடிக்கென வாங்கிய 4 மெகாபஸ்கால் எல்லையுள்ள கருவியை யாராவது இரவல் தந்தால், உப்புக் கூடிய இடத்து மரத்தில் அதை எல்லை தாண்டி ஏற்றாதீர்கள், உயிர் ஆபத்து. முகத்தை அறைக்கு நேர்மேலே கொண்டுபோகவும் கூடாது. கருவி இல்லாவிட்டால் இலைச்சாற்றின் கரைய அழுத்தத்தை ஒஸ்மோமீற்றரில் எடுக்கலாம்: இலையைக் கழுவித் துடைத்து, உறையவைத்து, உருகியதும் பிழிந்து அளவுங்கள். 25 பாகையில் கிலோகிராமுக்கு 1000 மில்லியொஸ்மோல் என்றால் −2.48 மெகாபஸ்கால்.

கழுவுவது இங்கே வெறும் சுத்தம் அல்ல. கண்ணா இலை தன் சுரப்பிகளால் உப்பை வெளியே தள்ளுகிறது. கழுவாமல் உலர்த்திச் சோடியம் அளக்கும் சுவாலை ஒளிமானியில் போட்டால் வெளியேற்றிய சோடியத்தை இலைக்குள் இருந்ததாக எண்ணிவிடுவீர்கள். ஈரமில்லாத ஒரு நாளில், குறித்த பரப்புள்ள இலையை 20 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்த நீரையும் தனியே வைத்து அளந்தால் சுரப்பு வேகமே உங்களுக்கு ஒரு புதிய அளவீடாகும். மழை பெய்த அன்று எடுத்தது பயனில்லை. எப்போதும் நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது சோடி இலையையே எடுங்கள், வயதோடு சோடியம் ஏறும். 70 பாகையில் நிறை மாறாமல் வரும் வரை உலர்த்தி, சோடியத்தோடு பொற்றாசியத்தையும் அளவுங்கள். வேர், தண்டு, இலை தனித்தனியே.

பச்சையம் இந்த ஆய்வில் பலவீனமான சுட்டி. இலையின் பச்சையை ஒளியால் அளக்கும் எஸ்பாட் மானியைப் பாவிப்பதானால், வெளிறியது தொடக்கம் கரும்பச்சை வரை 25 இலைகளில் 80 வீத அசற்றோன் பிரிப்போடு ஒப்பிட்டு உங்கள் சொந்த நியமவளையியை வரையுங்கள். பச்சையத்தைக் கணிக்க ஆர்னனின் 1949 குணகங்களை விட்டு, போராவும் கூட்டாளிகளும் 1989இல் தந்தவற்றை எடுங்கள்.

பகுப்பாய்வில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒன்று: உப்பு மட்டத்துக்கும் மூல இடத்துக்கும் இடையிலான இடைத்தாக்கம். உவர் இடத்துப் பிள்ளைகள் 30இலும், மற்றவை 3இலும் முந்தினால் அது இடஞ்சார் இசைவாக்கம். எல்லா மட்டத்திலும் ஒரே பக்கம் முந்தினால் அது காயின் பருமனாகவோ பொதுவான வீரியமாகவோ இருக்கும். ஆர் மென்பொருளில் கலப்பு மாதிரியுரு அமையுங்கள்: உலர்நிறை துலங்கல், உப்பும் மூலமும் நிலையானவை, காய் நிறை துணைமாறி, களப்பு, களப்புக்குள் இடம், இடத்துக்குள் தாய், தட்டு ஆகியவை எழுமாற்று விளைவுகள். இறந்த நாற்றுகளை நீக்கிவிடாதீர்கள், பிழைப்பைத் தனியாகப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

காய் பறிக்குமுன் வனத் திணைக்களத்திடமும் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பதில் வரக் காலம் எடுக்கும். வாவியில் முதலை உண்டு. அந்தந்தக் கரை மீனவர் ஒருவர் இல்லாமலோ விடியலுக்கு முன்னோ தண்ணீரில் இறங்க வேண்டாம். காய் பழுக்கும் காலம் களப்புக்குக் களப்பு முன்பின்னாக வரும், ஆகவே இந்த மாதமே 6 களப்பிலும் சில மரங்களுக்கு நாடா கட்டி, இரு வாரத்துக்கு ஒருமுறை பூ, பிஞ்சு, காய் எண்ணத் தொடங்குங்கள். அந்த அட்டவணையும் புரட்டாசி மண்ணிடை நீர் எண்களும் கைக்கு வந்ததும் அனுப்பிவையுங்கள், சோடி இடங்களைச் சேர்ந்து தெரிவு செய்யலாம்.