எந்த மஞ்சள், எந்த அம்மை, எந்த மூளைக்காய்ச்சல்? – பயணத் தடுப்பூசிகள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. தமிழில் ஏறத்தாழ ஒரே பெயரால் நாம் அழைக்கும் நோய்கள் பல, வெவ்வேறு கிருமிகளால் வருபவை. ஒன்றுக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்காது. "அந்த ஊசியைத்தான் முன்பே போட்டாயிற்றே" என்ற நம்பிக்கையில் நாட்களைக் கழித்துவிட்டுப் பயணத்துக்கு முந்தைய வாரம் பதறி வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கேள்வி: நிறுவனத்தின் சார்பில் ஆறு மாத வேலையாக நைஜீரியா செல்கிறேன். புறப்பட இன்னும் 18 நாட்கள் உள்ளன. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறேன். மஞ்சள் காய்ச்சலுக்குத் தனியாகப் போட வேண்டுமா? (திருச்சி)

பதில்: போட வேண்டும், இன்றே முன்பதிவு செய்யுங்கள். நீங்கள் போட்டுக்கொண்டது ஹெபடைடிஸ் பி வைரஸுக்கானது. மஞ்சள் காய்ச்சல், ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுக்கடியால் பரவும் முற்றிலும் வேறான நோய். இதற்கு ஒரே ஊசி போதும். ஆனால் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே செல்லுபடியாகும் என்பதால், உங்கள் 18 நாட்களில் ஊசிக்கென்று மிஞ்சுவது ஒரு வாரம்தான். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போட முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார நிறுவனமும் அத்தகையவை. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் மட்டும், ஆட்களைச் சேர்த்து ஊசி போடும் வழக்கம் இதனால் வந்ததுதான்.

திரும்பி வரும்போது இந்திய அதிகாரிகள் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையெனில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு நம் தெருவெல்லாம் இருக்க, வைரஸ் மட்டும் இன்னும் இங்கே நுழையவில்லை. 2016 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும்; எனவே கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலும் மஞ்சள் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நைஜீரியாவில் உங்கள் உயிருக்கு அன்றாட ஆபத்து மலேரியாதான். அதற்குச் சான்றிதழ் எவரும் கேட்பதில்லை என்பதாலேயே பலர் தடுப்பு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அங்குள்ள மலேரியாவுக்குக் குளோரோகுயின் பயன்படாது. மாற்று மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெற்று, திரும்பி வந்த பின்னும் அவர் சொல்லும் நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: மகள் ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். அம்மை ஊசிக்குச் சான்று கேட்கிறார்கள். குழந்தையில் போட்டது நினைவிருக்கிறது, அட்டைதான் இல்லை. பள்ளியிலும் ஒருமுறை போட்டார்கள். (மதுரை)

பதில்: பள்ளியில் போட்டது, 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா முகாமாக இருக்கக்கூடும். பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கேட்பது எம்எம்ஆர் இரண்டு தவணை. அதில் தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்குவீங்கியும் சேர்ந்திருக்கிறது. நம் அரசு அட்டவணையில் பொன்னுக்குவீங்கி இல்லை. மேலும், இங்கே ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணையை, ஒரு வயது நிறையுமுன் போட்டது என்பதால் அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே பழைய அட்டையைத் தேடி அலைவதைவிட, 28 நாள் இடைவெளியில் எம்எம்ஆர் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது. முன்பு போட்டிருந்தாலும் மீண்டும் போடுவதால் கெடுதல் இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியிருந்தாலோ போடக் கூடாது.

சின்னம்மை இதில் சேராது. அதற்குத் தனி ஊசி, அதுவும் இரண்டு தவணை. "ஆறு வயதில் அம்மை போட்டு, வேப்பிலை வைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினோம்" என்று தாய்மார்கள் துல்லியமாகவே நினைவுகூர்கிறார்கள். அந்த நினைவை நான் நம்புகிறேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அது போதாமல் போகலாம் என்பதால், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உள்ளதா என்று பரிசோதித்து அந்த அறிக்கையை இணைத்துவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பிறந்தவுடன் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோல் சோதனை பொய்யாகவே தடித்துக் காட்டக்கூடும். பிசிஜியால் பாதிக்கப்படாத இக்ரா ரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். எந்தச் சோதனையானாலும் எம்எம்ஆர் போடும் அன்றே செய்துகொள்ளலாம்; தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி கேட்டிருந்தால் அதன் மூன்று தவணைக்கு ஆறு மாதம் ஆகும். தொடங்கிய சான்றைக் கொடுத்து, மீதியை அங்கே போட முடியுமா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: உம்மாவையும் 11 வயது மகனையும் உம்ராவுக்கு அழைத்துச் செல்கிறேன். மகனுக்குச் சிறு வயதிலேயே மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுவிட்டார்கள். உம்மாவுக்கு மட்டும் போட்டால் போதுமா? (பரங்கிப்பேட்டை)

பதில்: போதாது, இருவருக்கும் போட வேண்டும், நீங்கள் முன்பே போட்டிராவிட்டால் உங்களுக்கும். உங்கள் கடலூர் மாவட்டத்தில் குழந்தைகளுக்குப் போடுவது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. அது கொசுவால் பரவும் வைரஸ். சவூதி அரேபியா கேட்பது மெனிஞ்சோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி. இந்தக் கிருமி மூச்சு, எச்சில் வழியாகப் பெருங்கூட்டங்களில் பரவும்; சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 1987 ஹஜ்ஜின்போது 'ஏ' வகையும், 2000இல் 'டபிள்யூ' வகையும் பயணிகளிடையே பரவி, திரும்பியவர்களோடு அவரவர் நாடுகளுக்கும் சென்றன. அதன் பிறகே நான்கு வகைக்குமான ஊசி கட்டாயமானது.

சென்று சேர்வதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். கான்ஜுகேட் வகை என்று சான்றிதழில் தெளிவாக எழுதியிருந்தால் ஐந்தாண்டு செல்லும்; இல்லையெனில் மூன்றாண்டுதான். எனவே அந்தச் சொல் இருக்கிறதா என்று மையத்தைவிட்டு வெளியேறும் முன்பே பாருங்கள். உம்மாவுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மகள் எட்டு மாதக் குழந்தையோடு டிசம்பரில் வருகிறாள். இந்திய வம்சம்தானே, குழந்தைக்குத் தனியாக ஊசி எதற்கு என்கிறார் சம்பந்தி. (கோயம்புத்தூர்)

பதில்: எதிர்ப்பாற்றல் வம்சத்தால் வருவதில்லை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பயணத்துக்கு முன் தட்டம்மைக்கான கூடுதல் தவணை ஒன்றைப் போடலாம். அது கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பின் வழக்கமான இரண்டும் போட்டாக வேண்டும். டைபாய்டு, ஃப்ளூ இரண்டையும் பற்றி அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் மகளை இப்போதே பேசச் சொல்லுங்கள். ஊசி பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். விமானம் ஏறும் வாரத்தில் போட்டால், வந்திறங்கும் நாட்களில் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு இருக்காது.